ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு கெர்னல்

1964ஆம் ஆண்டு முடியச் சில நாட்களே பாக்கி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போகும் பஸ்ஸில் ராபர்ட் கிரீஸி என்ற ஐபிஎம் ஊழியர் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமையாக இருக்க வேண்டும் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் அவருக்குள் ஒரு விஷயம் தீர்மானமாகிவிட்டது. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழிசெய்யும் மென்பொருளைத் தன் குழுவே எழுதிவிடுவது. மேலிடம் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. இவர் போய் அனுமதி கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருக்கும்.

காரணம் இருந்தது. அந்த ஏப்ரல் 7ஆம் தேதிதான் ஐபிஎம் தன் எதிர்காலத்தையே பணயம் வைத்து சிஸ்டம்/360 வரிசையை அறிவித்திருந்தது. உலகமே வாய் பிளந்து பார்த்த அந்த வரிசையில் எம்ஐடி பேராசிரியர்களுக்கு மட்டும் ஒரு குறை தெரிந்தது. 1961லேயே அங்கே ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரு கணினியோடு பலர் தனித்தனி முனையங்களிலிருந்து பேசும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியிருந்தது. அடுத்த கட்டத்துக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது, நினைவக முகவரிகளை ஓடும்போதே மாற்றிக்கொடுக்கும் வன்பொருள். 360இல் அது இல்லை. எம்ஐடி ஜெனரல் எலெக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்தது. பெல் ஆய்வகமும் அதே வழியில் போனது.

இதில் தர்மசங்கடம் என்னவென்றால், எம்ஐடியைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே ஐபிஎம் அந்த ஆண்டு பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஒரு அறிவியல் மையம் திறந்திருந்தது. முகவரி, 545 டெக்னாலஜி ஸ்கொயர். எம்ஐடியின் ஆய்வுக் குழு இருந்த அதே கட்டடம். நார்ம் ராஸ்முசன் தலைமை. சிடிஎஸ்எஸ் குழுவில் இருந்த கிரீஸி, எம்ஐடியை விட்டு இங்கே வந்து சேர்ந்தவர். வந்து பார்த்தால், யாருக்காகக் கடை விரித்தார்களோ அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

ஐபிஎம் தலைமையகம் பதறியது. முகவரி மாற்றும் வசதியோடு மாடல் 67 என்ற கணினி, அதற்கு டிஎஸ்எஸ் என்ற பிரம்மாண்டமான இயங்குதளம் என்று இழந்த மானத்தை மீட்கத் திட்டம் போட்டது. பணமும் ஆட்களும் அங்கே போய்க் குவிந்தன. கேம்பிரிட்ஜில் ஒரு சிறு குழு அதே வேலையை வேறு வழியில் செய்கிறது என்று தெரிந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அதனால் கிரீஸியும் அவருடைய சகா லெஸ் கோமோவும், நினைவக மேலாண்மை பற்றிய ஆராய்ச்சி என்ற போர்வைக்குள் புகுந்துகொண்டார்கள். 1964இன் கடைசி வாரத்தை இருவரும் வடிவமைப்புப் பேச்சிலேயே கழித்தார்கள். அந்த வாரத்தில் உருவான யோசனை, அதுவரை எந்த இயங்குதளமும் போகாத திசையில் போனது.

வேலையை இரண்டாகப் பிரித்துவிடுவது என்பதுதான் யோசனை. கீழே சிபி என்ற ஒரு நிரல். அதற்குக் கோப்பு தெரியாது, கட்டளை தெரியாது. ஒரு நிஜ 360ஐப் பல பொய் 360களாகக் காட்டுவது மட்டுமே அதன் தொழில். ஒவ்வொரு பொய்க் கணினியின் மேலும் சிஎம்எஸ் என்ற குட்டி இயங்குதளம். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு பயனர்தான் உண்டு. பக்கத்தில் பதின்மூன்று பேர் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. பலரைச் சமாளிக்கும் தலைவலியே இல்லாததால் சிஎம்எஸ்ஸைச் சிக்கனமாக எழுத முடிந்தது. சிபிக்கோ கோப்பு, கட்டளைத் தொல்லை இல்லை. கணினியியலின் மிக அழகான பிரிவினை இதுதான் என்பேன்.

எழுத ஒரு கணினி வேண்டுமே? மாடல் 50 கேட்டார்கள். கையிருப்பில் இருந்த மாடல் 50கள் எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கிடைத்தது அதைவிடச் சிறிய மாடல் 40. ஆண்ட்ரூ லிண்ட்க்விஸ்ட் என்ற பொறியாளர், முகவரிகளை மாற்றித் தரும் தனிப் பெட்டி ஒன்றை வடிவமைத்து அதில் இணைத்தார். 1967 ஜனவரியில் சிபி-40 அன்றாட உபயோகத்துக்கு வந்துவிட்டது. 14 பொய்க் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். நிஜ இயந்திரத்தில் இருந்த மொத்த நினைவகமே 256 கிலோபைட்தான்.

வாக்குக் கொடுத்தது மூன்றரை மெகாபைட், கையில் இருப்பது அதில் பதினான்கில் ஒரு பங்கு. உடனே தேவைப்படாத நினைவகத் துண்டுகளை, அதாவது பக்கங்களை, வட்டுக்கு அனுப்பி, கேட்கும்போது திரும்பக் கொண்டுவந்து சமாளித்தார்கள். ஆனால் நினைவகத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் கண்ணில் ஒரு விரயம் பட்டது. பதினான்கு பேரும் ஓட்டியது ஒரே சிஎம்எஸ். அதன் மையப் பகுதியான கெர்னல், எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப அந்தக் குறுகிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

இதற்குள் வெளியே வேறொரு நாடகம். டிஎஸ்எஸ் இழுத்துக்கொண்டே போனது. தாமதம், மந்தம், பிழை. மாடல் 67ஐ வாங்கிவிட்டு ஓட்ட மென்பொருள் இல்லாமல் நின்றவர்களில் லிங்கன் ஆய்வகமும் ஒன்று. கேம்பிரிட்ஜ்காரர்கள் தங்கள் சரக்கை மாடல் 67க்கு மாற்றி எழுதியிருந்தார்கள். சிபி-67 என்று பெயர். 1967இல் அது லிங்கனில் நிறுவப்பட்டது. நிறுவிய வேகத்தில் ஓடியது. ஐபிஎம்மின் அதிகாரபூர்வத் திட்டம் தள்ளாட, யாரும் கேட்காத பிள்ளை பல வீடுகளில் புகுந்துவிட்டது. ஆட்கள் கூடினார்கள். நினைவக நெருக்கடியும் கூடவே வந்தது.

ஒண்டுக்குடித்தன வீட்டில் பத்துக் குடும்பம் இருந்தாலும் கொல்லையில் ஒரு கிணறுதான் இருக்கும். சிபி-67 அதைத்தான் செய்தது. சிஎம்எஸ்ஸின் மாறாத பக்கங்களை நினைவகத்தில் ஒரே ஒரு பிரதியாக வைத்து, எல்லாருடைய முகவரி அட்டவணைகளையும் அதையே சுட்டும்படி எழுதியது. ஒவ்வொருவரும் தன் சொந்தக் கெர்னல் என்று நினைத்துக்கொண்டிருக்க, அடியில் இருந்தது ஒன்றே. ஆனால் கிணற்றில் ஒருவர் எதையாவது கொட்டிவிட்டால் பத்து வீட்டுக்கும் வயிற்றுவலி வருமே!

அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். 360இல் நினைவகத்தின் ஒவ்வொரு 2 கிலோபைட் துண்டுக்கும் நான்கு பிட் கொண்ட சாவி எண் உண்டு. ஓடும் நிரலின் சாவியும் துண்டின் சாவியும் பொருந்தினால்தான் எழுதலாம். பூஜ்யச் சாவி மட்டும் எல்லாப் பூட்டையும் திறக்கும். ஒரு இயங்குதளம் தன்னிடம் பூஜ்யச் சாவி இருப்பதாகத்தான் நம்பும். சிபி பின்புறமாக அந்தச் சாவியை வேறாக மாற்றிவிட்டு, பொதுப் பக்கங்களுக்குப் பூஜ்யப் பூட்டைப் போட்டது. சிஎம்எஸ் கதவைத் தள்ளும், திறக்காது. ஏன் திறக்கவில்லை என்பது அதற்குப் புரியாது. முழுக்க முழுக்க ஒப்பேற்று வேலை. வேலை செய்தது. முறையான பூட்டு அடுத்த தலைமுறை வன்பொருளிலேயே வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

1972 ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்தது. சிஸ்டம்/370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை ஐபிஎம் அறிவித்தது. கேம்பிரிட்ஜின் திருட்டுப் பிள்ளை, விஎம்/370 என்ற பெயரில் அன்றே அதிகாரபூர்வமாகப் பட்டியலில் ஏறியது. புதிய கணினிகளின் வரைபடத்தில் அருமையான ஒரு வசதி இருந்தது. நினைவகத்தை 64 கிலோபைட் செக்மென்ட்களாகப் பிரித்து, ஒரு செக்மென்ட்டை 'படிக்கலாம், எழுதக்கூடாது' என்று வன்பொருளே காவல் காக்கும். அதை நம்பி சிஎம்எஸ்ஸைப் பிரித்து அடுக்கினார்கள். மாறாத பகுதிகள் அத்தனையும் இரண்டாவது செக்மென்ட்டின் 16 பக்கங்களுக்குள் வந்து அமர்ந்தன. எல்லாம் தயார் என்ற நேரத்தில் குண்டு விழுந்தது.

அன்று கேம்பிரிட்ஜ் மையத்தில் வேலை பார்த்த லின் வீலர் பின்னாட்களில் சொன்ன கதை இது. மாடல் 165இன் பொறியாளர்கள் கை விரித்துவிட்டார்கள். ஏற்கெனவே விற்ற அந்தப் பெரிய கணினிகளில் மெய்நிகர் நினைவகத்தைப் புகுத்துவதே பெரும்பாடு, வரைபடத்தில் உள்ள எல்லா வசதியும் வேண்டுமென்றால் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார்கள். மேலிடம் தேதியைத் தேர்ந்தெடுத்தது. செக்மென்ட் காவல் மொத்த வரிசையிலிருந்தும் நீக்கப்பட்டது. ஒரு மாடலின் தாமதத்துக்காக, அதைச் செய்து முடித்திருந்த மற்ற மாடல்களும் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. விஎம்/370 குழு அவசர அவசரமாகப் பழைய சாவித் தந்திரத்துக்கே திரும்பியது.

அதுவும் நிலைக்கவில்லை. பின்னர் விஎம்மை வேகப்படுத்த ஒரு நுண்நிரல் வசதி வந்தபோது, அதுவும் சாவித் தந்திரமும் ஒத்துப்போகவில்லை. வேகம் வேண்டுமா, காவல் வேண்டுமா? கடைசியில் காவலையே எடுத்துவிட்டார்கள்! பொதுப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கணினியை மாற்றும் முன், அந்த 16 பக்கங்களில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று சிபி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். மாறியிருந்தால் குற்றவாளி அப்போதுதான் ஓடியவர், வேறு யாராகவும் இருக்க முடியாது. கறைபட்ட பிரதியை அவர் தலையிலேயே கட்டி, எச்சரிக்கையும் காட்டிவிட்டு, மற்றவர்களுக்கு வட்டிலிருந்து புதுப்பிரதி கொண்டுவந்துவிடும். 16 பக்கம் இருக்கும்வரை கணக்கு சரியாக வந்தது. பொதுப் பக்கங்கள் 32 ஆனதும் சோதனைச் செலவு இரட்டித்து, மிச்சம் பிடித்த வேகத்தை அதுவே தின்றது. உருப்படியான காவல் பின்னாளில்தான் வன்பொருளுக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை அல்லாட்டத்துக்கு நடுவிலும் அந்த ஏற்பாடு பயனர்களுக்குக் கொடுத்த சுகம் ஒன்று உண்டு. நிர்வாகி ஒருமுறை சிஎம்எஸ்ஸைத் துவக்குவார். அது எழுந்து, தன்னைத் தயார்செய்துகொண்டு, முதல் கட்டளைக்குக் காத்திருக்கும் சமயம் பார்த்து நிறுத்துவார். சேவ்சிஸ் என்று தட்டுவார். அந்த நொடியில் நினைவகம் இருந்த நிலை, ரெஜிஸ்டர்கள் உட்பட, வட்டில் அப்படியே பதிவாகும். அதன்பிறகு எவர் வந்து ஐபிஎல் சிஎம்எஸ் என்று தட்டினாலும் எதுவும் புதிதாகத் துவங்குவதில்லை. அட்டவணையில் ஒரு சுட்டி மாறும், அவ்வளவுதான். விரலை எடுப்பதற்குள் கணினி தயார்.

1976 வாக்கில் ஐபிஎம் விஎம்மையே இழுத்து மூட முடிவெடுத்தது. பர்லிங்டனில் இருந்த மேம்பாட்டுக் குழுவைக் கலைத்து, ஆட்களை வேறொரு இயங்குதள வேலைக்காகப் பக்கிப்சிக்கு வரச் சொன்னது. பலர் போகவில்லை. பக்கத்திலேயே டெக் நிறுவனம் விஎம்எஸ் என்ற தன் இயங்குதளத்தை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தது! ஐபிஎம்மின் எண்டிகாட் கிளை பொறுப்பேற்றுக்கொண்டதால் விஎம் உயிர் தப்பியது. அதன் அருமையை வெளியுலகம் மறந்தேபோனது. எல்லோர் மேசையிலும் சொந்தக் கணினி வந்துவிட்ட பிறகு, ஒன்றைப் பலவாகக் காட்டும் வித்தை யாருக்கு வேண்டும்?

இருபது ஆண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டில் மூன்று பேருக்கு வேண்டியிருந்தது. எடுவார் பூன்யோன், ஸ்காட் டிவைன், மெண்டல் ரோசன்ப்ளூம். பல செயலிகள் கொண்ட ஃப்ளாஷ் என்ற பெருங்கணினியைச் சாதாரண இயங்குதளத்தால் கட்டி மேய்க்க முடியாது. ஐபிஎம்மின் பழைய வித்தையைத் தூசு தட்டி, டிஸ்கோ என்று ஒன்றை எழுதினார்கள். ஃப்ளாஷ் கணினி இன்னும் தயாராகாததால் அதன் பாவனை மென்பொருளிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொய்க் கணினிகள் வட்டின் ஒரே துண்டைப் படித்தால், நினைவகத்தில் ஒரே பக்கத்தைக் காட்டியது டிஸ்கோ. கெர்னல் மறுபடியும் பொதுவானது. 1997இல் கட்டுரை வெளியானது. மறு வருடமே ரோசன்ப்ளூமும் கூட்டாளிகளும் விஎம்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அதே சமயம் ஜெர்மனியின் போப்லிங்கனில் ஐபிஎம் ஊழியர்கள் சிலர் லினக்ஸ் இயங்குதளத்தை, 360 வழிவந்த மெயின்ஃப்ரேம் கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1999 டிசம்பரில் அந்த வேலை வெளியுலகுக்கு வந்தது. டேவிட் பாய்ஸ் என்ற விஎம் நிபுணர், ஒரே மெயின்ஃப்ரேமில் எத்தனை லினக்ஸ் எழுப்பலாம் என்று விளையாட்டாகவும் வினையாகவும் சோதித்தார். 41,400 லினக்ஸ்கள் எழுந்த பிறகுதான் மூச்சு முட்டியது. மெயின்ஃப்ரேம் செத்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். 

ஆனால் லினக்ஸுக்குக் கூட்டுக்குடித்தனம் பழக்கமில்லை. சும்மா இருக்கும்போதும் நொடிக்கு நூறு தடவை விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தது. விஎம்மோ, இவர் ஏதோ மும்முரமாக வேலை செய்கிறார் என்று ஏமாந்து அதன் பக்கங்களை நினைவகத்திலேயே வைத்திருந்தது. நினைவகமோ 31 பிட் முகவரியில், 2 ஜிகாபைட் எல்லைக்குள் சிக்கியிருந்தது. ஆளுக்கு 2 மெகாபைட் கெர்னல் என்றாலே, நூறு லினக்ஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பழைய சேவ்சிஸ்ஸை அப்போதுதான் கையில் எடுத்தார்கள். லினக்ஸ் கெர்னலை இரண்டாகப் பிளந்து, முதல் ஒரு மெகாபைட்டை ஒவ்வொருவருக்கும் தனியுடைமை ஆக்கினார்கள். ஆணைகள் இருந்த பகுதி அடுத்த மெகாபைட்டின் எல்லையில் சரியாகத் தொடங்கிப் பொதுவுடைமை ஆனது. கெர்னலைத் தொகுக்கும்போது ஒரு விருப்பத் தேர்வைச் சொடுக்கினால் போதும். சிஎம்எஸ்ஸுக்கு அன்று செய்த அதே அறுவை.

வெளியே விஎம்வேர் இன்னும் துணிச்சலாகப் போனது. பக்கம் எங்கிருந்து வந்தது என்பதையே பாராமல், உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் சேர்த்துவிடும் முறையை 2002இல் கார்ல் வால்ட்ஸ்பர்கர் விவரித்தார். 2009இல் லினக்ஸுக்கும் கேஎஸ்எம் என்ற பெயரில் அது வந்தது. எல்லாம் கைகூடி வந்த வேளையில் பழைய கிணற்றுக்குப் புதிய விஷம் வந்தது. பொதுப் பக்கத்தில் எதையும் எழுத வேண்டாம், அதை எட்ட ஆகும் நேரத்தை அளந்தாலே பக்கத்துக் கணினியின் ரகசியக் குறியாக்கச் சாவியை ஊகிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2014இல் விஎம்வேர் வேறு வேறு கணினிகளுக்கிடையே பக்கம் பகிர்வதை, யாராவது வேண்டிக் கேட்டாலொழிய இல்லை என்று நிறுத்தியது.

மெயின்ஃப்ரேம் லினக்ஸின் பொதுக் கெர்னலுக்கோ சாவு வேறு திசையிலிருந்து வந்தது. கெர்னல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அரிதாகத் தேவைப்படும் கிளைகளுக்காகத் தன் ஆணைகளையே ஓடும்போது மாற்றி எழுதியது. பிழை தேடும்போது ஒவ்வொரு செயற்கூறின் வாசலிலும் ஆணையைச் செருகியது. செயலியின் வகை பார்த்து, துவங்கும்போதே தனக்கேற்ற ஆணைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டது. அரை நூற்றாண்டாக எது மாறாது என்று நம்பிப் பொதுவில் வைத்தார்களோ, அதுவே மாறத் தொடங்கிவிட்டது. மிச்சமாகும் நினைவகமும் அற்பம், புதுப்பிப்பது பெரும்பாடு என்று சொல்லி 2017 இறுதியில் பராமரிப்பாளர்கள் அந்த வசதியை லினக்ஸிலிருந்து துடைத்தெடுத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில்தான் கேட்டா கண்டெய்னர்ஸ் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. கிளவுடில் இணையதளங்களையும் பயன்பாட்டு மென்பொருள்களையும் சுமந்து ஓடும் கண்டெய்னர்கள் இயல்பிலேயே ஒரு கெர்னலைப் பகிர்ந்துகொள்பவை. அந்தப் பகிர்வே ஆபத்து என்று அஞ்சியவர்களுக்காக, ஒவ்வொரு கண்டெய்னரையும் தனி மெய்நிகர் கணினிக்குள் வைத்தது கேட்டா. வைத்ததும் பழைய பிரச்சினை வாசலில் நின்றது. நூறு கண்டெய்னருக்கு நூறு கெர்னல்.

தீர்வு கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கணினியைத் துவக்கி, தயாரானதும் நிறுத்தி, அதன் நினைவகத்தைச் சேமித்து, மற்றவற்றை அதிலிருந்து பிறப்பித்தார்கள். கெர்னல் எல்லோருக்கும் பொது, படிக்க மட்டும். இதற்கு டெம்ப்ளேட் முறை என்று பெயரிட்டார்கள். ஆளுக்கு 128 மெகாபைட் கேட்கும் நூறு கண்டெய்னர்களில் சுமார் 9 ஜிகாபைட் மிச்சமானதாகத் திட்டத்தின் ஆவணம் கணக்குச் சொன்னது. அண்டைக் கணினியை வேவு பார்க்கும் தாக்குதலை இந்த முறையால் தடுக்க முடியாது என்ற எச்சரிக்கையும் அதே பக்கத்தில் இருந்தது. அந்த வசதி அணைத்த நிலையிலேயே வெளியிடப்பட்டது. வேண்டும் என்பவர்கள் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஒரு வரியை மாற்றிக்கொண்டார்கள்.